வலப்பக்கம்

டுக்லா கணவாயில் கிளம்பியபோது என் பை பதினேழு கிலோ.
எனக்குத் தெரியும், எடை போடுவதுதான் என் வேலை.
ஸ்னினா கல்குவாரி வாசலில்
சுமையோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை
லாரிகளை நிறுத்திக் கழித்துச் சொல்வேன்.
பத்தொன்பது வருஷம்,
ஜன்னலுக்கு உள்ளேயே உட்கார்ந்து.

மரத்துக்கு மரம் வெள்ளை, சிவப்பு, வெள்ளை.
பட்டை தெரிந்தால் நட,
தெரியாவிட்டால் நில்.
ஸ்லோவாக்கியாவைக் குறுக்கே கடக்க
இவ்வளவுதான் இலக்கணம் என்றார்கள்.
முதல் வாரம் முழுக்க பீச் மரக் காடு, மழை,
காலுறைக்குள் மழை, ரொட்டிக்குள் மழை.
ஞானம் ஒன்றும் வரவில்லை.
சளி வந்தது.

மலைக் குடில்கள்தோறும் ஒரு நோட்டு,
நூலில் தொங்கும் பென்சில்.
எனக்கு ஒரு நாள் முன்னால்
ஒருவன் போய்க்கொண்டிருந்தான்.
ரொஸ்திஸ்லாவ் என்று கையெழுத்து.
"கரடி எச்சம், புதிது. பாடிக்கொண்டே போங்கள்."
"கீழ் ஊர்க் கடைக்காரி திங்களன்று திறக்க மாட்டாள்."
முகம் பார்க்காத மனிதனை
இருபது நாள் நம்பினேன்.
நம்பிப் பாடினேன்கூட.

இருபத்தோராம் நாள், தாழ் தத்ரா முகட்டில்,
நாக்கு அண்ணத்தில் ஒட்டிய சாயங்காலம்.
"ஊற்று: இடப்பக்கம், இருநூறு அடி இறக்கம்."
இறங்கினேன். முந்நூறு. ஐந்நூறு.
முழங்கால்வரை காஞ்சொறி, சொட்டுத் தண்ணீர் இல்லை.
ஏறி வந்து
பென்சில் முனை ஒடிய எழுதினேன்.
எழுதியதை இங்கே சொல்ல முடியாது,
அவன் தாயையும் இழுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கீழே முழுப் பெயரும் போட்டேன், ஷெல்மீரா ஹ்ருஷ்கோவா:
குவாரிச் சீட்டில் போட்டுப் போட்டுப் பழகிய கை.

மறுநாள் ஒன்பது மணி நேர நடை. அடுத்த குடில். அடுத்த நோட்டு.
"போன குடிலில் இடம் என்று எழுதிவிட்டேன். வலம்.
சின்ன வயசிலிருந்தே எனக்கு இரண்டும் குழம்பும்.
தாகத்தோடு இறங்கியவர் யாரோ, மன்னியுங்கள்."
தேதியைப் பார்த்தேன்.
அங்கே நான் பென்சிலை ஒடித்துக்கொண்டிருந்த
அதே சாயங்காலம்.

அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த வாவ்ரினெட்ஸ்
"விடுங்கள், யார் படிக்கப் போகிறார்கள்?" என்றார்.
நான் படித்தேனே,
ஒரு வரி விடாமல்.

விடிந்ததும் கிழக்கே திரும்பினேன்.
எதிரே வந்தவர்கள்
வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்கள்.
ஆமாம் என்றேன்.
மரங்களின் மறுபக்கத்திலும் மூன்று பட்டை இருந்தது,
திரும்பி வருகிறவர்களுக்காக.
அதுவரை நான் எந்த மரத்தையும்
தாண்டிய பிறகு பார்த்ததில்லை.

நோட்டைத் திறந்தேன்.
தாளைக் கிழிக்க விரல் வைத்தபோது
என் வசவுக்கு அடியில், வேறு யாரோ, பொடி எழுத்தில்:
"வலம். தண்ணீர் நன்றாக இருக்கிறது."
அவன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை.
கிழித்தால் தண்ணீரும் போய்விடும்.
வேறு தாளில் நானே எழுதி வைக்கலாம்தான்,
ஆனால் அது என் கையெழுத்தில் இருக்கும்,
இனி அதை யார் நம்புவார்?

பெயரை அப்படியே விட்டுவிட்டு
வலப்பக்கம் இறங்கினேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறாவது அடியில்
பாசி படிந்த மரக்குழாய்.
பல் கூசியது.

தெவின் கோட்டைக்குக் கீழே தன்யூப் தெரிந்தபோது
எல்லோரும் சொல்வதுபோல் அழவில்லை.
கால் நகம் இரண்டு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எடை தப்பாக வந்தால்
ஜன்னல் வழியே கத்துவதில்லை.
கதவைத் திறந்து, இறங்கி,
பின்சக்கரம் மேடையில் முழுக்க ஏறியிருக்கிறதா என்று
குனிந்து பார்க்கிறேன்.
டிரைவர் செவெரின் சிரிக்கிறார்:
"ஒரு மாசத்துக்கு மேல் நடந்து
இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா?"
பாதி நேரம் ஏமாற்றுகிறவர் அவர்தான்.
இருந்தாலும் இறங்குகிறேன்.