புல் தடுக்கிய பயில்வான்கள்

இருபத்தைந்து பெண்கள், ஒரு கண்ணாடிப் புட்டி.
ரப்பர் குழாயின் ஒரு முனை கூண்டுக்குள்,
மறுமுனை என் வாயில்.
மூச்சை மெல்ல இழுக்கிறேன்.
ஒவ்வொன்றாய்க் குழாய்க்குள் ஏறி வருகின்றன.
நடுவில் அந்தத் துண்டு வலைத்துணி இல்லையென்றால்
இந்த ஏழு வருடத்தில்
ஒரு படி கொசுவாவது தின்றிருப்பேன்.

போபோ-டியுலாசோவில் காலை எட்டரை.
மின்சாரம் இருக்கிறது, இப்போதைக்கு.

இவை ஹூண்டேக்காரிகள்.
என் அண்ணன் லசினாவின் பருத்திக்காட்டோரம்
மாட்டுக் குளம்புக் குழிகளில் நின்ற தண்ணீரை
நானே அகப்பையால் மொண்டு கொண்டுவந்தேன்.
அவன் பருத்திக்கு அடிக்கும் மருந்தும்
நாங்கள் வலையில் ஏற்றும் மருந்தும்
பங்காளிகள்.
மழைக்கு மழை, வாய்க்கு வாய்
அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை
விஷம் வந்தால் உடைத்துப்போட
உடம்புக்குள்ளேயே ஆள் வைத்துக்கொண்டன.
இதை அவனிடம் நான் சொன்னதில்லை.
என்னைப் படிக்கவைத்தது அந்தப் பருத்தி.

முதல் புட்டியில் மருந்து மட்டும்.
ஒரு மணி நேரம் கழித்தும் பத்தொன்பது நிற்கின்றன,
அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி
சுவரில் சாய்ந்து.

இரண்டாவதில் எண்ணெய் மட்டும்.
எலுமிச்சைப் புல்.
ஒரு மூட்டையை அவித்து வடித்தால்
கட்டைவிரல் உயரம் கிடைக்கும்.
இருபத்தைந்தும் சௌக்கியம்.
ஒன்று கொட்டாவி விட்டதாகக்கூட எனக்குத் தோன்றியது.

மூன்றாவதில் இரண்டும்.

சியே கடிகாரத்தைப் பார்க்கிறான், நான் புட்டியை.
பத்தாம் நிமிடம் ஒன்று சறுக்கியது.
பதினைந்தில் ஏழு.
அரை மணிக்குள் அடியில் ஒரே நெரிசல்,
மல்லாந்து, கால்களால் காற்றைப் பின்னிக்கொண்டு.

எண்ணெய் யாரையும் கொல்லவில்லை.
வாசலில் காவல்காரனிடம் நெருப்புப்பெட்டி கேட்டு
ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.
அந்த நேரம் பார்த்து
விஷம் பின்கட்டு வழியாக உள்ளே போய்விட்டது.
கூட்டுக் களவாணி.
விஷத்துக்கு மசியாத பயில்வான்களை
ஒரு புல் தடுக்கிவிட்டது.

"கொரோத்திமி, டீ?"
சியே நீட்டிய கோப்பையிலும் அதே புல்,
மூன்று கரண்டிச் சர்க்கரையோடு.
நான் குடிக்கவில்லை.
போன ஆகஸ்டில் என் மகள் நியேலேக்கு
நான்கு நாள் குளிர்காய்ச்சல்.
அவள் வலைக்குள்தான் படுத்திருந்தாள்.
ஓட்டை இல்லாத வலை, புதியது,
நான் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தது.
காலையில் வலையின் உட்பக்கம்
வயிறு சிவந்து ஒன்று உட்கார்ந்திருந்தது.
வலைமேல், விஷத்தின்மேல்,
நாற்காலியில் உட்காருவதுபோல.

இருபத்து நான்கு மணி நேரம் பொறுத்து எண்ணவேண்டும்.
எழுந்து நிற்க முடியாதது செத்ததாகக் கணக்கு.
முனகுவதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

மறுநாள்: இருபத்தி மூன்று.
இரண்டு நிற்கின்றன.
அதில் ஒன்றுக்கு ஒரு கால் இல்லை.
சியே சீழ்க்கை அடித்தான், இருபத்தி மூன்றுக்காக.
நான் அந்த நொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இவள் முட்டையிட்டால்
பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பாள்?

மாலையில் லசினா போனில்.
யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.
"புல் கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள்?
கிழக்குத் துண்டில் பருத்தியை நிறுத்திவிடவா?"
அண்ணா, இது புட்டிக்குள் நடந்தது,
வலையில் தடவினால் மூன்றாம் நாள் பறந்துவிடும்,
அதை எப்படிப் பிடித்துவைப்பதென்று
இன்னும் எங்களுக்கே தெரியாது,
அப்புறம் உன் மருந்து டிரம்மைப் பற்றியும்
ஒன்று சொல்லவேண்டும் என்று
வாயெடுத்தேன்.
மின்சாரம் போயிற்று, லைனும்.

இருட்டில் என் விரல்களில் மட்டும் புல் வாசம்.
காதோரம் ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள்.
கையை நீட்டினேன்.
முகர்ந்து பார்த்தாளோ என்னவோ,
ஒரு சுற்றுச் சுற்றி
உட்கார்ந்தாள்.