ஏழாவது பிரதி

எழுபத்தெட்டில், ஓர் ஆகஸ்டு,
அடையாளக் கார்டுக்குப் படமெடுக்க வந்தவர்களின் வரிசையில்
கடைசியாக நின்றாள் அந்த வெள்ளைக்காரி.
கையில் தகரப் பெட்டி.
"உன் இருட்டறை வாடகைக்குக் கிடைக்குமா,
ஒரு தடவைக்கு எவ்வளவு?"
இரண்டு வெள்ளி என்றேன்.
அதுவரை இருட்டுக்கு நான் விலை வைத்ததில்லை.

பெயர் ஹன்னலோரா.
எந்த ஜெர்மனி என்று கேட்கத் தெரிந்தவன்
புக்கிட் செராயாவில் நான் ஒருத்தன்தான்.
"இப்போதைக்கு எதுவும் இல்லை" என்றாள்.

பகலெல்லாம் தோட்டத்தில் படம் பிடிப்பாள்.
பெரட்டுக்களம், பால் வாளி, கொசுவத்தி புகையும் இடுப்புகள்.
ரீல் தீர்ந்தால் லோரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வருவாள்.
கதவை அடைப்பேன். சிவப்பு விளக்கும் ஆகாது.
வெளியே ஸ்டூலில் ஒலிப்பதிவுக்காரன் டீட்டர்
கோப்பி ஓ குடித்துக்கொண்டிருப்பான்.

உள்ளே, சுருள் எது மூடி எது என்று
நாலு கைகள் தடவும்போதுதான் வாய் திறப்பாள்.
பாதி இங்கிலீஷ், பாதி சந்தை மலாய்.
மரமே இல்லாமல்
நிலக்கரியில் ரப்பர் செய்யும் ஊரில் பிறந்தவளாம்.
அந்த ஆலையைப் பற்றி ஒரு நாவல்.
ஆறு கார்பன் வைத்துத் தட்டிய ஏழு பிரதி.
ஆறை வீடு புகுந்து அள்ளிப்போனார்கள்.
ஏழாவது, சாம்பலாய் மங்கியது,
கேக் டின்னுக்குள் எல்லை தாண்டியது.

பிறகு சினிமா. எண்பத்தொரு நிமிடம்.
நாற்பத்துமூன்றை வெட்டச் சொன்னது கமிட்டி.
"மிச்சத்தில் என்ன இருந்தது?"
"புகைபோக்கி."
அவள் வெட்டவில்லை.
ஒரு சூட்கேஸ், ஒருவழி டிக்கெட்.

எழுதாத அடுத்த நாவலையும் சொன்னாள்,
நாளுக்கு ஓர் அத்தியாயம்:
ஊர்க் கடிதங்களைப் பிரிக்கக் கொடுத்துவிட்டு
ஒட்டியதைச் சுமந்துபோகும் ஒரு தபால்காரி.
"உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்" என்பாள் மெல்ல.
அத்தனை மெல்ல அல்ல.
அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பதினைந்து வருடம் கழித்து ஒரு தடித்த உறை.
சுவர் விழுந்து, கோப்புகளைத் திறந்துவிட்டார்களாம்.
என் கடை இருந்த பக்கத்தை நகலெடுத்து
கீழே பென்சிலில் இங்கிலீஷ் எழுதியிருந்தாள்:
புகைப்படக்காரர். இந்தியர். வயது நாற்பது இருக்கலாம்.
நம்பகம்: தெரியவில்லை.

டீட்டருக்கு நல்ல காது.
தபால்காரி மொத்தமும் அதில் இருந்தாள்,
இருபத்திரண்டு அத்தியாயம், ஒரு சொல் பிசகாமல்.

"எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தாள்.
"உன் கதவுப் பலகை மெலிசு.
அதை ஊருக்கு அனுப்ப எனக்கு வேறு தபால் இல்லை.
எவ்வளவு சுத்தமாகத் தட்டியிருக்கிறார்கள், பார்.
இந்த வருடம் அச்சாகிறது."

அப்போ, உன்னிடம் மட்டும் என்றது?
அதுவும் கோப்பில் இருந்தது, மேற்கோள் குறிக்குள்.
இரண்டு நாள் நான் கடை திறக்கவில்லை.

கடைசித் தாளில் மூன்றே வரி:
ஒட்டுப்பால் நிறுக்கும் கொட்டகை.
உள்ளூர் மொழி. பெண்கள் சிரிக்கிறார்கள்.
பொருள் விளங்கவில்லை.
பக்கத்தில் அவள் பென்சில்: "இது என்ன?"

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மொழிபெயர்க்க நான்தான் போயிருந்தேன்.
மரமில்லாத ரப்பரைப் பற்றிச் சொன்னதும்
செங்கமலம் வாளியை இறக்கிவைத்துக் கேட்டாள்.
கொட்டகையே சிரித்தது.
என்ன என்ன என்று என் சட்டையை இழுத்தாள் ஹன்னலோரா.
ஒன்றுமில்லை, சும்மா தமாஷ் என்றேன்.
மண்டோர் நின்றுகொண்டிருந்தான்.
தோட்டத்து ஆபீஸ் படமெல்லாம் அப்போது என் கடைக்குத்தான் வரும்.

எந்தக் கமிட்டியும் என்னைக் கேட்கவில்லை.

இன்றிரவு பதில் எழுதுகிறேன்.
வெளியே செம்பனை லோரிகள் போகின்றன.
அன்புள்ள ஹன்னலோரா,
பதினோரு நாளாய் மழை, பதினோரு நாளாய்ப் பேர் விழவில்லை.
அதனால் அவள் கேட்டாள்:
"அப்ப மழை பெஞ்சாலும்
அந்த ஊர்ல சம்பளம் உண்டா?"