நானூறு வெள்ளிக்குள்

புக்கிட் பாத்தோக்கில், வெற்றுத் தளத்துப் பாலர் பள்ளி.
தமிழுக்கென்று ஒரே ஓர் அலமாரி.
அதிலும் பாதி
பசைக்கும் கத்தரிக்கோலுக்கும்
மூடி தொலைந்த கலர்ப் பேனாக்களுக்கும்.
மிச்சப் பாதியை நிரப்ப
திருமதி கோ தந்தார்
நானூறு வெள்ளியும் ஒரு படிவமும்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பெயர், எண்ணிக்கை, விலை, பயன்.
முதல் மூன்றில் எனக்குச் சிக்கல் இல்லை.

பதினோரு பிள்ளைகள்.
யாழிசைக்கு இரண்டு வயது,
எந்தப் புத்தகத்தையும் முதலில் கடித்துப் பார்ப்பாள்,
ருசித்தால்தான் புரட்டுவாள்.
ஹர்ஷித் வீட்டில் தமிழ்
ஞாயிறுதோறும் வேலூரிலிருந்து
கைப்பேசியில் வரும், அரைமணி நேரம்,
நடுநடுவே உறைந்து உறைந்து.
ஃபர்ஹானாவின் அத்தா
துறைமுகத்தில் இரவெல்லாம் பாரந்தூக்கி ஓட்டுகிறார்.
பகலில் அவர் தூங்க,
வீடே கிசுகிசுக்கும்.
பள்ளியிலும் அவள் அப்படித்தான்.
அவளுக்கென்று ஒரு புத்தகம் வேண்டும்,
டமால், தொபுக்கடீர், கடமுட கடமுட என்று
பக்கத்துக்குப் பக்கம் சத்தம் போடும் ஒன்று.

சிராங்கூன் சாலை, மாடியில் கடை.
சிங்கங்கள் நிறைய.
நரிகள் அதைவிட நிறைய.
எந்தக் கதையைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில்
கட்டம் கட்டி உட்கார்ந்திருந்தது நீதி.

"உடும்பு இருக்கா?" என்றேன்.
கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.
"உடும்பா? முயல் இருக்கு டீச்சர்."

எங்கள் பிள்ளைகள் முயலைப் பார்த்ததில்லை.
பள்ளிக்குப் பின்னால் கால்வாய் ஓரம்
வாரம் இருமுறை வெயில் காயும் உடும்பைத்
தினேஷ் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
ஏனென்று கேட்காதீர்கள்.

முயலையும் எடுத்தேன்.

அப்பா சமைத்து, கருகி,
எல்லோரும் ரொட்டி தின்னும் கதை ஒன்று.
சக்கர நாற்காலியில் வரும் சிறுமி
யாருக்கும் பாடமாக இல்லாமல்
சும்மா தம்பியோடு சண்டை போடும் கதை ஒன்று.
செத்துப்போன மீனைப் பற்றி ஒன்று.
"இது எதுக்கு, பச்சப் புள்ளைங்களுக்கு?" என்றார்.
ஜூன் மாதம் வகுப்பில் வெள்ளெலி செத்தபோது
மூன்று நாள் அவர்கள் கேட்டதற்கு
என்னிடம் பதில் இருந்ததா என்ன?

எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள ஒன்று,
மழை, குடை, நாய்.
"இதைத் தமிழ்ப் புத்தகம்னு எப்படிக் கணக்குல காட்டுவீங்க?"
பிள்ளைகள் பேசினால் தமிழாகிவிடும் என்றேன்.
பாதி பொய்.
ஹர்ஷித் அதை ஆங்கிலத்தில்தான் சொல்லுவான்.
குடை பறக்கும் பக்கத்தில் மட்டும்
'ஐயோ'.
அந்த ஒரு சொல்லுக்குப் பதினெட்டு வெள்ளி தரலாம்.

இருபத்துமூன்று புத்தகங்கள்.
முந்நூற்றுத் தொண்ணூற்றேழு வெள்ளி அறுபது காசு.
நரி வரும் கதை இரண்டே இரண்டு;
அதிலும் ஒரு நரி நல்லது.

திங்கட்கிழமை பாயில் பரப்பினேன்.
தொபுக்கடீரை ஹர்ஷித் பிடுங்கிக்கொண்டான்.
ஃபர்ஹானா மீனை எடுத்தாள்,
அவள் வாசிக்கும்போது
கிசுகிசுப்பு எவ்வளவு பொருத்தமாக இருந்தது!
நான் போட்ட கணக்கெல்லாம்
பத்து நிமிடத்தில் கலைந்தது.

மிதிலன் மட்டும் எதையும் தொடவில்லை.
ஐந்து வயது, ஆறு மாதமாக
எழுத்தென்றால் முகம் திருப்புகிறவன்.
காலணி மாட்டும் நேரத்தில் பார்த்தால்
சுவரோடு ஒட்டி நிற்கிறான்.
நகர மன்றத்தின் அறிவிப்பு,
நான்கு மொழியில், கடைசியில் தமிழ்.
விரல் வைத்து,
"டீச்சர், இது என்னோட மி."

மின்தூக்கி பழுது.

ஒவ்வோர் எழுத்தாக இழுத்தோம்.
'தூ' வந்ததும் துப்பிக் காட்டிச் சிரித்தான்.
பழுது சரியான அன்று
அந்தத் தாளைக் கேட்டு வாங்கி
பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன்.
படிவத்தில் இருபத்துநான்காவது வரி.
விலை: சுழியம்.
பயன்: மேலே போகலாம், கீழே வரலாம்.

திருமதி கோ இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.
உறையின் ஒரு மூலையை
யாழிசை ஏற்கெனவே கடித்துவிட்டாள்.