ஐம்பது சுற்று

"வேலூர்ல துணி காயவைக்க மெஷினா,
இன்னாத்துக்குண்ணா?" என்றான் இம்தியாஸ்.
நியாயம்தான்.
சித்திரையில் இங்கே
பிழிந்த லுங்கியை உதறுவதற்குள்
பாதி காய்ந்துவிடும்.

பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது
ஏலத்தில் இரண்டையும் எடுத்தவர்
தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் நடத்தும் பியூலா.
துவைப்பது ஒன்று, உலர்த்துவது ஒன்று,
ஒரே வெளிர்பச்சை, ஒரே துரு.
எடைக்குப் போட்டால் வருவதைவிட
முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்திருந்தார்.
ஏனென்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

முதலில் துவைப்பதன் வயிற்றைத் திறந்தோம்.
தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே
விரல் தடிமனுக்கு உப்பு.
பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தால்
மணலும் முள்செடியும்தான் பாலாறு.
தண்ணீர் போன வழி தெரியாது.
வந்த வழி இதோ,
கல்லாகி உட்கார்ந்திருக்கிறது.
ஆசிட் ஊற்றினால் எனாமல் போய்விடும்.
எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி
இரண்டு ராத்திரி விட்டோம்.
மூன்றாம் நாள் காலை
ஆறு நுரைத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியது.

அடியில் கிடந்தவை:
கொண்டை ஊசி பதினொன்று,
சதுர ஐந்து பைசா,
நூலால் எழுத்துத் தைத்த துணிப்பட்டை.
'வார்டு' வரை வாசிக்க முடிந்தது.
எண் வெளுத்துவிட்டது.

உலர்த்துவதன் குழாயில் பஞ்சு.
இழுக்க இழுக்க வந்தது,
கிணறு தோண்டும்போது தெரியும் மண் மாதிரி
சாம்பல், நீலம், மறுபடி சாம்பல்,
நடுவில் மெல்லிசாய் ஒரு சிவப்பு.
இம்தியாஸ் தும்மினான். நானும் தும்மினேன்.
யார் யார் உடம்பிலிருந்தோ உதிர்ந்தது
இத்தனை வருஷம் கழித்து எங்கள் மூக்கில்.

சூட்டுக்கம்பி மூன்று இடத்தில் அறுந்திருந்தது, புதிதாய்ச் சுற்றினேன்.
பெல்ட் தொட்டதும் உதிர்ந்தது.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சானிடம் சொல்லி
தோல் பட்டை ஒன்று வாங்கிவந்தான்.
உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து
கைரேகை போனது இருவருக்கும்.
அந்தப் பச்சை எந்தக் கடையிலும் இல்லை.
நாலாவது டப்பாவில் ஏறக்குறைய வந்தது.
ஏறக்குறையதான்.

அமெரிக்க மோட்டார்.
வோல்ட்டைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துவிடலாம்.
நொடிக்கு அறுபது துடிப்பு கேட்கிறது அது,
நம் கரண்ட்டில் ஐம்பதுதான்.
அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.
ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும்.
இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே
அப்படித்தான் சுற்றியிருக்கும்.

வைகாசி முழுக்க உலர்த்துவதை யாரும் தொடவில்லை.
பியூலா அதன்மேல் தலையணை உறைகளை அடுக்கினார்.

ஆனியில் ஒரு ராத்திரி
ஃப்யூஸ் போய்விட்டதென்று கூப்பிட்டார்.
போட்டுவிட்டுத் திரும்பினால்
மூன்றாம் மாடி அறைக்காரப் பெண் நிற்கிறார்,
மால்டாவிலிருந்து புருஷனை வைத்தியத்துக்குக் கூட்டிவந்தவர்.
கையில் சுருட்டிய பெட்ஷீட்.
பிரிக்காமல் பிடித்திருந்தார்.
அவருக்குத் தமிழில் தண்ணி, சோறு, எவ்ளோ.
பியூலாவுக்கு வங்காளத்தில் அதே அளவு.
எதுவும் பேசவில்லை. வாங்கித் துவைக்கப் போட்டார்.

விடிந்தால் மொட்டை மாடியில்
நாற்பது அறைகளும் கொடியில் தொங்கும்.
எந்த அறையில் யாருக்கு முற்றிவிட்டதென்று
துணியைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.
வெயில் காயவைக்கும்.
காட்டியும் கொடுக்கும்.

உறைகளை எடுத்து நாற்காலியில் வைத்தோம்.
கதவைச் சாத்தித் திருகினேன்.
புதுச் செருப்பு வாசம் கிளம்பியது.
உள்ளே எது புரள்கிறதென்று
வெளியே தெரியவில்லை.

மெஷினின் டைமரில் நாற்பது நிமிஷம்.
சுவர்க் கடிகாரத்தில் நாற்பத்தெட்டு.
அந்த மிச்ச எட்டில்தான்
அவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

டிரம் நின்றது.
கண்ணிமை அசைந்தது.
பியூலா என்னைப் பார்த்தார்.
சூட்டை அணைத்துவிட்டு
காய்ந்த துணியோடு
மறுபடி சுற்றவிட்டேன்.