ஒரு சில்ப்

ஹைஃபாவில், எண்ணெய் ஆலைக்குப் பின்னால்
பட்டறைகள் வரிசையாய் நனைகிற தெரு.
என் வண்டிக்கு முன்பக்கத்து 'பெக்கெக்ஸ்'
போய்விட்டது என்றான் ஸக்காய்.
ஆங்கிலத்தில் அது பின்னச்சு.
முன்பக்கத்துப் பின்னச்சு!
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை, விலை சொன்னான்.

அப்போது ப்ரூரியா வந்தாள்,
இடக்கண் அவிந்த பழைய சுபாருவில்.
"ஒரு சில்ப் வேணும்."
"ஒண்ணா? சில்பீம் ரெண்டையும் மாத்திடலாமே.
ஒண்ணு போனா மத்தது ஆறு மாசம் தாங்காது."

கப்பலில் வந்த அட்டைப்பெட்டியின் மேல்
'சீல்ட் பீம்' என்று இருந்திருக்கும்.
கண்ணாடியும் இழையும் பிரிக்க முடியாமல்
முத்திரையிட்ட ஒற்றை விளக்கு.
கேட்டதோ எபிரேயக் காது.
'ஈம்' என்று முடிந்தால் அங்கே பன்மை.
வண்டிக்கும் கண் இரண்டு,
வேறென்ன சாட்சி வேண்டும்?
சில்பீம் ஆயிற்று.
பிறகு ஒன்று மட்டும் உடைந்த ஒரு நாளில்
எவனோ ஈமை நறுக்கிவிட்டு
'சில்ப்' என்று கேட்டிருக்கிறான்.
கடைக்காரனும்
எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

திங்களில் 'கள்' இருக்கிறதே என்று
வானத்தில் தனியாய் நிற்பதைத்
'திங்' என்று கூப்பிட்ட மாதிரி.

இன்னும் தோண்டினால்
பழைய ஆங்கிலத்தில் பீம் என்பது மரம்.
மரம்தான் உத்தரமாயிற்று,
எப்படியோ ஒளிக்கற்றையும் ஆயிற்று.
ஆக, பட்டறையில் அறுத்தது மரத்தை.
சில்பின் கடைசியில் துருத்துகிற அந்த 'ப்'
அதன் அடிக்கட்டை.

இதை யாரிடம் சொல்ல?
ப்ரூரியா முன்விளக்கின் மேலிருந்த மழைநீரைச்
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்,
எரிகிற பக்கத்தை.
"இது எல்கனா மாட்டினது.
பெசாஹுக்கு ரெண்டு நாள் முன்னாடி,
திட்டிக்கிட்டே மாட்டினான்.
எரியற வரைக்கும் எரியட்டும்."

ஸக்காய் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
பிறகு திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு
குனிந்துவிட்டான்.

ரசீதில் எழுதினான்:
சில்பீம், 1.

சுபாரு பின்வாங்கியபோது
ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள்.
மழைத்தாரை இரண்டு நிறத்தில் விழுந்தது.

"அந்த முன்பக்கத்தது," என்றான் என்னிடம்
கையைத் துடைத்தபடி,
"மாத்தவா?"

மாற்று என்றேன்.