முன்னூற்றுப் பதினொன்று

டொலீடோ. பிப்ரவரி. ஓட்டலின் கல்யாணக் கூடத்தில்
நூற்றிருபது மேஜைகள்.
நான் விற்பது வெறும் பிளாஸ்டிக் உறை,
நூறு உறை நாலு டாலர்.
பக்கத்து மேஜை டெல்பர்ட் ஹ்ருஸ்காவினுடையது.
அவன் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அட்டை:
கெஸ்லர் பபிள்கம், எண் முன்னூற்றுப் பதினொன்று.
ஒன்பதே ஆட்டத்தில் பேஸ்பாலை விட்டுப் போன
இடதுகை வீச்சாளன் ஒருவன்.
விலை எட்டாயிரத்து நானூறு.

இதற்கா, என்று வாய் பிளப்பவர்களிடம்
டெல்பர்ட் சலிக்காமல் சொல்வான்:
இது அச்சாகி வந்தபோது செப்டம்பர்.
பையன்கள் ஃபுட்பாலுக்குத் தாவியிருந்தார்கள்.
விற்காத பெட்டிகளை லாரியேற்றி ஏரியில் கொட்டினார்கள்.
விற்றது மட்டும் பிழைத்ததா?
சைக்கிள் சக்கரத்தில் துணிக் கிளிப்பால் மாட்டி
மோட்டார் சத்தம் எழுப்பினார்கள்.
மீசை வரைந்தார்கள். சுவரில் அறைந்தார்கள்.
"யாருக்கும் பிடிக்காமல் போனதுதான் சார்
மூலை மழுங்காமல் தப்பிக்கும்."
சொல்லிவிட்டு லென்ஸை நீட்டுவான்.
நாலு மூலையும் ஊசி.
பின்பக்கம் கம் ஒட்டிய கறைகூட இல்லை.

மூன்று மணிக்கு ஒரு கிழவர் வந்தார்,
ஆக்சிஜன் உருளையை நாய்க்குட்டிபோல் இழுத்துக்கொண்டு.
ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.
"அன்றைக்கு நல்ல வெயில். கண்ணைச் சுருக்கிவிட்டேன்."
டெல்பர்ட் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.
நான் அட்டையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.
இடது காதின் மேல்மடிப்பு
இரண்டிலும் ஒரே மாதிரி உள்ளே வளைந்திருந்தது.

"என் பையனும் என்னைச் சைக்கிளில்தான் ஓட்டினான்.
கிழிந்தே போனேன்."
சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.
பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து,
"வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

டெல்பர்ட் பாய்ந்து வந்து
இரண்டு கையாலும் பெட்டியை அணைத்தான்.
"தொடாதீங்க! ஒரு பொட்டு மை பட்டாலும்
தரம் விழுந்துவிடும்."

பேனாவை மூட அவருக்கு நேரம் பிடித்தது.
என் மேஜைக்கு நகர்ந்து, உறை ஒன்றே ஒன்று கிடைக்குமா என்றார்.
கொடுத்தேன்.
ஓட்டுநர் உரிமத்தை அதற்குள் போட்டு
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
அளவு பொருந்தவில்லை. லொடலொடவென்று ஆடியது.
அப்படியே பையில் வைத்துக்கொண்டு போனார்.

"யார் அது?" என்றான் டெல்பர்ட்.
"உறை வாங்க வந்தவர்" என்றேன்.