கேள்வி எண் பதினேழு

ஒரு படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
பஸ் செலவு நம்முடையது.
சாப்பாடு கட்டிக்கொண்டு போனால்
தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை
ஒரு நாளைக்கு ஏழு முடியும்.

"இன்னும் ஐந்து ஆண்டுகளில்
உங்கள் நிறுவனத்துக்கு
எத்தனை பட்டதாரிகள் தேவைப்படுவார்கள்?"
பதினாறு வரைக்கும் டீ சொல்கிறவர்கள்
இதற்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

காசிமேட்டில்
ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு மேலே
தேசப்பன் கத்தினார்:
"நாளைக்கு போட் போவுமான்னே தெர்ல,
அஞ்சு வர்ஷத்த கேக்கிற.
நீயே ஒரு நம்பர் போட்டுக்கம்மா."
துறைமுகத்தில் அன்று இரண்டாம் எண் கூண்டு.
கடலுக்காவது ஏற்ற ஆள் இருக்கிறது.
நான் சேர்ந்த வருடம் கவுன்சலிங் வரிசையில்
கம்ப்யூட்டர் எடு என்றார்கள், சிவில் எடு என்றார்கள்,
கூண்டு ஏற்றியவர் ஒருவருமில்லை.

நானே போட்டுக்கொள்ள அனுமதி இல்லை.
தெரியாது என்றால் 99.
99 நிறைய வந்தால்
சூப்பர்வைசர் ஃபோனில் கேட்பார்:
"என்ன பிலோமினா, எல்லாருக்குமா தெரியாது?"
எல்லாருக்கும்தான் சார்.
கொருக்குப்பேட்டை எண்ணெய் மண்டிக்காரர் மட்டும்
யோசிக்காமல் இரண்டு என்றார்.
பெரிய பையன், சின்னப் பையன்.

மணலி கன்டெய்னர் யார்டில்
மேனேஜர் ஏசியைக் குறைத்தார்.
பதினாறு: இப்போது எத்தனை பட்டதாரிகள்?
"இங்க எதுக்கும்மா டிகிரி? ஜீரோ."
பதினேழு?
"அதே."

வெளியே வந்தால்
டிரெய்லருக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தான் இர்ஃபான்.
மெக்கானிக்கல். காலேஜ் பஸ்ஸில்
படியருகே நின்றபடியே தெர்மோ கணக்குப் போடுவான்.
என்னைப் பார்த்தான். கழுத்து அட்டையைப் பார்த்தான்.
"கவர்மென்ட்டா?" என்றான், சந்தோஷமாகத்தான்.
"மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்."
சிரித்தோம்.
பின்னால் லாரி ஹாரன்.

சாத்தாங்காடு நிறுத்தத்தில் பஸ் வரவில்லை.
மொத்தமும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில்
வளைகோடாக ஏறும்.
அதைப் பார்த்து யாரோ
எந்தப் படிப்புக்கு எத்தனை சீட் என்பார்கள்.
முட்டியில் படிவத்தை வைத்து
பதினாறில் இருந்த ஜீரோவை அடித்தேன்.
ஒன்று.

அடித்துத் திருத்தினால்
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.
போட்டேன்.
பதினேழில் கை வைக்கவில்லை.